செல்வப்பிள்ளையைச் சுமந்தவர்கள்: குழந்தைக் காப்பாளர் பதிவு குறித்து

(மேல்கோட்டையில் தமிழறிந்த தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேல்கோட்டைக்கு வருகிறவர் எவரும் முதலில் கேட்கும் பெயர் செல்வப்பிள்ளை. மலைமேல் நரசிம்மர் இருக்கிறார். கீழே கோயிலில் திருநாரணர் நிற்கிறார். ஆயினும் வைரமுடி சூடி வீதிக்கு வருபவர் உற்சவ மூர்த்தியாகிய செல்வப்பிள்ளைதான். தில்லி பாதுசாவின் அரண்மனையில் இருந்த அந்தச் சிலையை இராமானுசர் அழைத்தபோது அது குழந்தையாக நடந்து வந்து அவர் மடியில் அமர்ந்தது என்பது வைணவ மரபுக் கதை. திரும்பும் வழியில் கள்வர் தாக்கியபோது அதைக் காத்துச் சுமந்து வந்தவர்கள் தீண்டாதார் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்கள் என்றும், அதற்குக் கைம்மாறாகத் திருக்குலத்தார் என்னும் பெயரும் ஆண்டுக்கு மூன்று நாள் கோயிலுக்குள் நுழையும் உரிமையும் அவர்களுக்கு வழங்கப்பட்டன என்றும் அதே கதை சொல்கிறது. கதையின் முற்பகுதியை வரலாற்றாய்வாளர் ஏற்காமற்போகலாம். மூன்று நாள் நுழைவு மட்டும் கதையன்று. பிரிட்டிஷ் காலத்து மைசூர் நூல்களில் பதிவான வழக்கம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சமூகத்தில் அது பெரிய அடியெடுப்பு. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. எனினும் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும். பிள்ளையைச் சுமந்தவர்களுக்குக் கிடைத்தவை ஒரு நல்ல பெயரும், 365 நாளில் மூன்று நாளும்.

இன்று பேச வந்த பொருள் இதற்கு வெகுதொலைவில் இல்லை. மைசூரிலும் பெங்களூரிலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பிறர் பிள்ளையை இடுப்பில் சுமப்பவர்கள் பெரும்பாலும் மண்டியா, சாமராசநகர், தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களின் ஊர்களிலிருந்து சென்ற பெண்கள். அவர்களை ஆயா என்கிறோம். இந்தச் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து நமக்கு வந்தது. நமக்கென்று அதனினும் பழைய சொல் ஒன்று உண்டு: செவிலி. சங்க அகப்பாடல்களில் பெற்ற தாய்க்கு இணையாக, சில இடங்களில் அவளைவிட மிகுதியாகப் பேசுகிறவள் செவிலித்தாய். அவள் மகளே தலைவியின் தோழி என்பது தொல்காப்பிய மரபு. இன்று நாம் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்லின் பெண்பால் வடிவம் இலக்கியத்தில் ஒரு பிள்ளை வளர்ப்பாளின் மகளுக்கு உரியதாக இருந்தது என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெண்களை அரசு பதிவு செய்ய வேண்டும், பயிற்சி அளித்துச் சான்று தர வேண்டும், பதிவைக் கட்டாயமாக்காமல் விருப்பத்துக்கு விடலாம் என்னும் யோசனை நகரத்து நடுத்தர வர்க்கத்தினரிடையே அடிக்கடி எழுகிறது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. நம் தோழர்களில் சிலரும் இதை வரவேற்கின்றனர். ஆகவே இந்த யோசனை ஏற்கெனவே நடைமுறைக்கு வந்த ஒரு நாட்டில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் வீட்டுக்கு வந்து குழந்தை பார்ப்போருக்கான விருப்ப ஒப்புதல் திட்டம் ஒன்று தொடங்கியது. 2006ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அது மாற்றியமைக்கப்பட்டு, 2007இல் ஆஃப்ஸ்டெட் என்னும் கல்வி ஆய்வு அமைப்பின் பொறுப்பில் ஒரு விருப்பப் பதிவேடாக ஆயிற்று. தன் வீட்டில் பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் அங்கே கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் வீட்டுக்கே சென்று பார்ப்பவருக்கு, இரண்டு குடும்பங்களுக்கு மேற்படாதவரை, கட்டாயமில்லை, விரும்பினால் பதியலாம். 18 வயது நிரம்பியிருத்தல், குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்று, அடிப்படைப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சோதனை, காப்பீடு ஆகியவை நிபந்தனைகள். ஆண்டுதோறும் கட்டணமும் உண்டு. பதிந்தோரில் ஒரு பகுதியினரை மட்டும் ஆய்வாளர் சென்று பார்ப்பார்.

விருப்பம் என்று சொல்லிவிட்டபின் ஒருவர் ஏன் இத்தனை செலவையும் அலைச்சலையும் ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும்? விடை பதிவேட்டுக்கு வெளியே இருக்கிறது. 2017இல் தொடங்கிய குழந்தைப் பராமரிப்பு வரிச்சலுகைத் திட்டப்படி, வேலைக்குச் செல்லும் பெற்றோர் 8 பவுன் செலுத்தினால் அரசு 2 பவுன் சேர்க்கிறது. குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2,000 பவுன் வரை. பார்த்துக்கொள்பவர் பதிவு பெற்றவராக இருந்தால்தான் இந்தப் பணம் வரும். ஆக, பதிவு செய்பவர் தொழிலாளி. சோதனைக்கு உட்படுபவர் தொழிலாளி. அரசு சேர்க்கும் பணம் சென்று விழுவதோ பெற்றோரின் கணக்கில். பதியாவிட்டால் வேலை கிடைப்பது கடினம் என்ற நிலை வந்துவிட்டால் விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருள் தேய்ந்துவிடுகிறது. உழைப்புச் சக்தியை விற்பதும் சட்டப்படி விருப்பச் செயல்தானே. அந்த விருப்பத்தின் பின்னுள்ள கட்டாயத்தைத்தான் மார்க்ஸ் விளக்கிக் காட்டினார்.

அந்தப் பதிவேடு எதைக் கேட்பதில்லை என்பதையும் காண வேண்டும். எத்தனை மணி நேர வேலை, ஓய்வுநாள் உண்டா, எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, தங்கி வேலை பார்ப்பவருக்குத் தாழிடக்கூடிய ஓர் அறை உண்டா, அந்த வீட்டின் ஆண்கள் எப்படிப்பட்டவர்கள் என்னும் கேள்விகளுக்கு அதில் இடமில்லை. குழந்தைக்கு ஆயாவினால் தீங்கு நேரலாம் என்பது கருதப்பட்டிருக்கிறது. ஆயாவுக்கு வீட்டினரால் தீங்கு நேரலாம் என்பது கருதப்படவில்லை.

இதே இங்கிலாந்தின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஒரு விலக்கு நெடுங்காலம் இருந்தது. முதலாளியின் வீட்டில் தங்கி, குடும்பத்தில் ஒருவராக நடத்தப்படும் பணியாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டியதில்லை என்றது அது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் அது நீக்கப்பட்டது. குடும்பத்தில் ஒருவர் என்னும் அன்புச் சொல் கால் நூற்றாண்டுக் காலம் ஊதியம் மறுக்கும் சட்டச் சொல்லாக இருந்திருக்கிறது. "எங்கள் வீட்டுப் பெண் போலத்தான் வைத்திருக்கிறோம்" என்று நம் ஊரில் சொல்லக் கேட்கும்போதும், வீட்டுப் பெண்ணுக்கு எவரும் சம்பளம் தருவதில்லை என்பது நினைவுக்கு வர வேண்டும்.

வீட்டுப் பணியாளரின் எண்ணிக்கையை மூலதன ஆய்வுக்குள் கொண்டுவந்தவரும் மார்க்ஸ்தான். இங்கிலாந்து, வேல்ஸின் 1861ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வைத்து, வீட்டுப் பணியாளர் 12,08,648 பேர் என்றும், நெசவாலைத் தொழிலாளரையும் சுரங்கத் தொழிலாளரையும் சேர்த்தாலும் அந்தத் தொகை இதைவிடச் சற்றே குறைவு என்றும் 'மூலதனம்' முதல் தொகுதியில் காட்டுகிறார். அதே நூலின் இயந்திரம் பற்றிய அத்தியாயத்தில் ஆலைக்குச் சென்ற தாய்மாரின் பச்சிளங்குழந்தைகள் அபின் கலந்த மருந்தால் தூங்கவைக்கப்பட்டதும், பஞ்சுப் பஞ்சத்தில் ஆலைகள் மூடப்பட்டபோது தாய்மாருக்குப் பாலூட்ட நேரம் கிடைத்ததும் வருகின்றன. ஒரு பக்கம் பிறர் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கும் பெண், மறுபக்கம் பார்ப்பாரின்றிக் கிடக்கும் அவள் வர்க்கத்தின் பிள்ளை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்தப் பதிவேடும் பாதிப் பதிவேடே.

காலனியாட்சியில் ஆயாவின் கையில் இருந்த ஒரே ஆவணம் துரைசானி எழுதித் தந்த நன்னடத்தைச் சீட்டு. வெள்ளையர் குடும்பங்களோடு கப்பலேறி, பயணம் முழுவதும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, இலண்டன் சேர்ந்ததும் கைவிடப்பட்ட ஆயாக்கள் பலர். அவர்கள் தங்குவதற்கென்றே ஹாக்னியில் ஆயா இல்லம் ஒன்று இருந்தது. 2022இல் அந்தக் கட்டடத்தில் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். துரைசானியின் சீட்டு ஆயாவைப் பற்றிச் சொன்னது. துரைசானியைப் பற்றி ஆயா எழுதித் தரும் சீட்டு எதுவும் இருந்ததில்லை. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிற்செயலிகளில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு நட்சத்திரக் குறி இடுகிறார்களே, அது அந்தச் சீட்டின் பேத்தி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் வீட்டுப் பணியாளருக்கு விருப்பப் பதிவு புதிதன்று. 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் சுய அறிவிப்பின்மேல் பதிவு செய்யச் சொன்னது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 26இல் இ-ஷ்ரம் தளம் தொடங்கிற்று. பதிந்தோர் 30 கோடியைத் தாண்டினர். கையில் அட்டை இருக்கிறது. அட்டையைக் காட்டி எந்த வீட்டுக்காரரிடம் எந்த உரிமையைக் கேட்பது? 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு, தொழில் என்பதன் வரையறையிலிருந்து வீட்டுச் சேவையைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கையால் பதிவு செய்து மறுகையால் தொழிலாளி என்ற நிலையை மறுப்பதுதான் இன்றைய ஒன்றிய அரசின் கொள்கை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16இல் வீட்டுப் பணியாளருக்கான 189ஆம் உடன்படிக்கையை ஏற்றபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை அதற்கு ஏற்புறுதி தரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வீட்டுப் பணியாளருக்கான சட்டக் கட்டமைப்பைக் குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட நேர்ந்ததே இந்த வெற்றிடத்துக்குச் சான்று.

தமிழ்நாட்டின் அனுபவம் இதைவிட மேம்பட்டது. 2007இல் வீட்டுப் பணியாளருக்கென்று நல வாரியம் அமைந்தது. பின்னர் 2018இல் குறைந்தபட்ச ஊதியமும் அறிவிக்கப்பட்டது. திருமணம், மகப்பேறு, பிள்ளைகளின் கல்வி, இறப்பு ஆகியவற்றுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. சங்கம் இருக்கும் இடத்தில் அட்டை புதுப்பிக்கப்படுகிறது, இல்லாத இடத்தில் காலாவதியாகிறது. குறை எங்கே? கட்டுமானத் தொழிலாளர் வாரியத்துக்குக் கட்டடச் செலவில் ஒரு பங்கு வரியாக வருகிறது. வீட்டுப் பணியாளர் வாரியத்துக்கு வேலை வாங்குகிறவர் ஒரு காசும் தருவதில்லை. அவர் பெயரே அந்தப் பதிவேட்டில் நிலைத்த இடம் பெறவில்லை.

கர்நாடகம் 2004இலேயே வீட்டுவேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்த மாநிலம். இங்கே 2025இல் வெளியான வீட்டுப் பணியாளர் சமூகப் பாதுகாப்பு, நல மசோதாவின் வரைவு ஒரு முக்கியமான இடத்தில் விருப்பத்தைக் கைவிடுகிறது. தொழிலாளியோடு வேலையளிப்பவரும் ஆளனுப்பும் முகமையும் பதிய வேண்டும். ஊதியத்தில் ஐந்து சதவீதம் வரை நலக்கட்டணம் வசூலிக்கலாம் என்கிறது. செயலி வழி வேலைகளுக்கு இதே மாநிலம் 2025இல் இயற்றிய சட்டத்தின் தருக்கமும் இதுதான்: தொழிலாளியின் விவரத்தை அளிக்க வேண்டிய கடமை நிறுவனத்துடையது, கட்டணம் செலுத்த வேண்டியதும் அதுவே. வரைவு சட்டமாகும் வழியில் வீட்டுக்காரர் சங்கங்களும் முகமைகளும் முதலில் வெட்டச் சொல்லும் பகுதி வேலையளிப்பவரின் பதிவாகவே இருக்கும். மக்களுக்குத் தொல்லை, வீட்டுக்குள் அரசு நுழைகிறது, தொழிலாளி மட்டும் விரும்பினால் பதியட்டும் என்பார்கள். விருப்பப் பதிவு என்னும் யோசனை நம் மாநிலத்தில் எந்த வாசல் வழியாக வரும் என்பது இதிலிருந்து தெரியும்.

விருப்பம், தன்னார்வம், கௌரவம் ஆகிய சொற்கள் குழந்தை வளர்ப்பு வேலையைச் சுற்றி ஏன் இப்படிப் படர்கின்றன? மைசூர் மாவட்டத்து டி. நரசிபுரத்தைக் கேட்டால் சொல்லும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது கர்நாடகத்தில் முதலில் அங்கன்வாடி கண்ட இடம் அது. அன்று முதல் அங்கன்வாடி ஊழியருக்குத் தரப்படுவது மதிப்பூதியம். ஊதியம் என்ற பெயர் அதற்கு இல்லை. கர்நாடகத்திலிருந்து சென்ற அமீர்பி வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அவர்கள் வகிப்பது அரசுப் பதவியன்று என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 25இல்தான், குஜராத்திலிருந்து வந்த வழக்கில், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் கூறிற்று. இடையில் எத்தனை மறியல், எத்தனை சிறை! பதிவேட்டில் பெயர் இருந்தும், அரசே வேலையளித்தும், தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளப்பட இத்தனை ஆண்டுகள். தனி வீட்டுக்குள் இருப்பவளுக்கு ஒரு சான்றிதழ் இந்த வேலையைச் செய்துவிடும் என்று எப்படி நம்புவது?

மறுபக்கத்தின் கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பேசத் தெரியாத பிள்ளையை அறியாத ஒருவரிடம் விட்டுச் செல்லும் தாயின் அச்சம் முதலாளித்துவ மாயையன்று. அந்தத் தாயும் பெரும்பாலும் ஊதியத்துக்கு உழைப்பவளே. தொண்டையில் ஏதேனும் சிக்கிய குழந்தைக்கு என்ன செய்வது என்று ஆயாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியை எதிர்ப்பது மடமை. அரசுச் செலவில், வேலை நாளாகக் கணக்கிட்டு, பயிற்சிக்குப் பின் உயர்ந்த ஊதிய விகிதத்தோடு அதைக் கேட்க வேண்டும். காவல் நிலையச் சரிபார்ப்பைப் பதிவு என்று அழைப்பதை மட்டும் ஒருபோதும் ஏற்கக்கூடாது. தொழிலாளியின் பெயர் முதன்முதலில் அரசு ஏட்டில் ஏறும் இடம் தொழிலாளர் துறையாக இருக்க வேண்டும். பல பெண்கள் பதியத் தயங்குவதற்கு அறியாமையைக் காரணம் காட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. வாடகை வீட்டின் முகவரி, வேறு மாநிலத்து ஆதார், மதத்தைக் காட்டும் பெயர், சாதியைக் காட்டும் ஊர் எல்லாம் அந்தப் படிவத்தில் இருக்கின்றன. பெயரை மாற்றிச் சொல்லி வேலையில் சேர்ந்தவள் எந்தத் துணிவில் படிவத்தை நிரப்புவாள்? சமையலுக்கு ஒரு சாதியும், குழந்தையின் மலம் துடைப்பதற்கு வேறொரு சாதியும் என்று ஆள் தேடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பிரான்சில் வேறொரு வழி இருக்கிறது. அங்கே குழந்தைக்கு ஆள் வைக்கும் பெற்றோர் தம்மை வேலையளிப்பவராக அறிவித்து, மாதந்தோறும் மணியையும் ஊதியத்தையும் பஜாம்ப்ளுவா என்னும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் பதிகிறார்கள். அறிவித்தால்தான் அரசின் உதவித்தொகை. அந்த அறிவிப்பே தொழிலாளியின் ஓய்வூதியக் கணக்குக்கும் ஆதாரம். கூட்டு ஒப்பந்தமும் உண்டு. அது சொர்க்கமன்று, அறிவிக்காமல் ஆள் வைப்பது அங்கும் உண்டு. ஆயினும் இங்கிலாந்தில் உதவித்தொகையைத் திறக்கும் சாவி ஆயாவின் பதிவு, பிரான்சில் பெற்றோரின் அறிவிப்பு. இரண்டும் முதலாளித்துவ நாடுகளே. வேறுபாட்டை உண்டாக்கியது தொழிற்சங்கங்களின் வலிமை.

இந்த இடத்தில் பேச்சு நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. கட்சித் தோழர்களின் வீடுகளிலும் குழந்தை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். இருப்பது குற்றமன்று, முழுநேர ஊழியர் இருவர் ஒரு வீட்டில் இருந்தால் வேறு வழியும் இல்லை. ஆனால் எத்தனை வீடுகளில் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது? வார ஓய்வு உண்டா? மாநாட்டு நாட்களில் தோழர் இரவு பதினொரு மணிக்குத் திரும்பும்போது அதுவரை பிள்ளையோடு இருந்த பெண்ணுக்கு மிகுநேர ஊதியம் உண்டா? அவள் எப்படி வீடு செல்கிறாள்? அவள் பிள்ளையை அந்நேரம் வரை யார் பார்த்துக்கொண்டார்கள்? கிளைக் கூட்டங்களில் இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் வருவதே இல்லை. உறுப்பினர் புதுப்பித்தலின்போது வருமானம் கேட்கிறோம், கட்சி நிதிக்குச் சதவீதம் கணக்கிடுகிறோம். வீட்டில் ஆள் வைத்திருக்கிறீர்களா, என்ன ஊதியம் என்று ஒரு வரி சேர்த்துக் கேட்பதில் என்ன தடை?

அவள் பிள்ளையைப் பற்றிய கேள்விக்கு லெனின் 1919இல் ஒரு விடை தந்தார். பொது உணவகம், குழந்தைக் காப்பகம், மழலையர் பள்ளி ஆகியவையே கம்யூனிசத்தின் முளைகள் என்று 'மாபெரும் தொடக்கம்' என்னும் கட்டுரையில் எழுதினார். இந்த முளைகள் நம் மண்ணிலும் அங்கங்கே தலைகாட்டியிருக்கின்றன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தால் நீலகிரியிலும் வால்பாறையிலும் காப்பகங்கள் வந்தன. இலங்கை மலையகத்தில் அதைப் பிள்ளை மடுவம் என்பார்கள். கர்நாடக அரசு 2023இல் 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் கூசின மனெ என்னும் குழந்தைகள் வீட்டை அறிவித்தது. இவற்றிலெல்லாம் நிதிக் குறைவு, ஆள் குறைவு, கட்டடக் குறைவு உண்டு.

இவற்றினும் கூர்ந்து படிக்க வேண்டியது 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணையில் இருந்த ஒரு சிறு விதி. வேலைத்தலத்துக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் அல்லது அதற்கு மேல் வந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும். அவருக்கும் கூலி தர வேண்டும் என்றது அது. மண் வெட்டுவதும் பிள்ளையைப் பார்ப்பதும் ஒரே வருகைப் பதிவேட்டில், ஒரே கூலியில்! விருப்பம், மதிப்பூதியம், குடும்பத்தில் ஒருவர் என்ற எந்தச் சொல்லும் அந்த விதியில் இல்லை. இடதுசாரிகளின் ஆதரவில் ஒரு அரசு நின்ற காலத்தில் வந்த சட்டம் அது. எத்தனை இடங்களில் அது நிறைவேறிற்று என்று கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கும். அந்தக் குறையில் நமக்கும் பங்குண்டு. கூலிக்காகப் போராடிய அளவுக்கு மர நிழலில் தொட்டில் கட்டவும், அங்கே ஒரு பெண்ணை அமர்த்தவும் நாம் போராடவில்லை.

மசோதாவைக் குறித்து நம் பஞ்சாயத்துகளிலும் நகரக் கிளைகளிலும் பேசும்போது முன்வைக்க வேண்டியவை தெளிவானவை. வேலையளிப்பவரின் பதிவு கட்டாயமாக இருக்க வேண்டும், முகமைக்கு உரிமம் வேண்டும், தொழிலாளியின் பதிவு கட்டணமின்றித் தொழிலாளர் துறையில் நடக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் தொழிலாளியின் தாய்மொழியில் இருக்க வேண்டும். கர்நாடகத்தில் அது தமிழாகவோ தெலுங்காகவோ இருக்கலாம் என்பதையும் விட்டுவிடக்கூடாது. வரைவின் கன்னடப் படியை வைத்துக்கொண்டு தமிழ் பேசும் பெண்களிடையே செல்வதால் பயனில்லை. தமிழாக்கம் ஆயத்தமானதும் கிளைகளுக்கு வரும். அதை எடுத்துச் செல்லும் தோழர், தம் வீட்டில் ஆள் வைத்திருந்தால், முதல் படியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவராயின் உட்கார வைத்துப் படித்துக்காட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பிள்ளையைத் தோழர் பார்த்துக்கொள்ளட்டும்.